உதட்டில் தெரியாத ‘ங்க’

எங்கள் வீட்டு டிவிக்குக் குரல் கிடையாது. ரிப்பேர் என்று நினைத்துவிட வேண்டாம், டிவி நல்ல டிவிதான். சோமனூரில் நாங்கள் இருந்த வீட்டின் பின்பாதி தறிக்கூடம். அதில் ஆறு விசைத்தறிகள். முன்பாதியில் சமையலறை, படுக்கிற அறை, டிவி இருந்த அறை. டிவிக்கும் முதல் தறிக்கும் நடுவில் ஒரு சுவரும், கதவே வைக்காத ஒரு வாசலும் இருந்தன. தறி ஓடும்போது காதருகே வந்து கத்தினாலும் கேட்காது. தறி நின்றால் டிவி கேட்கும். ஆனால் தறி எப்போது நிற்கும்? கரண்ட் போனால் நிற்கும். கரண்ட் போனால் டிவியும் போய்விடும். இந்தச் சிக்கலில் மாட்டிக்கொண்டு வருடக்கணக்காக டிவியை வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தோம். ஊரில் எல்லோரும் டிவி பார்த்தோம் என்கிறார்கள். நிஜமாகவே பார்க்க மட்டும் செய்தவர்கள் நாங்கள்தான்.

அம்மாவுக்கு அது ஒரு குறையாகவே தெரியவில்லை. அப்பாவும் அம்மாவும்தான் தறி ஓட்டினார்கள். ஆளுக்கு மூன்று தறி. அந்த இரைச்சலுக்குள் இருவரும் பேசிக்கொள்வது முழுக்க உதட்டால்தான். அப்பா கூடத்தின் அந்தக் கோடியில் நின்று வாயை அசைப்பார். அம்மா இந்தக் கோடியிலிருந்து, “உப்பு சரியாத்தானுங்க இருந்துச்சு, நீங்கதான் இன்னைக்குக் குத்தம் புடிக்கிறீங்க” என்று பதில் அசைப்பார். எனக்கு இடையில் நின்றும் ஒன்றும் கேட்காது. அந்தத் தேர்ச்சியில் டிவியெல்லாம் அம்மாவுக்கு ஒரு பொருட்டா? தறியில் ஒரு கண், டிவியில் ஒரு கண்ணாக வாசலில் நின்றபடியே சீரியலை முழுதாகப் படித்துவிடுவார். கரண்ட் போய்த் தறி நின்று சாப்பிட உட்காரும்போது எனக்குக் கதை சொல்வார்.

(எழுத்தில் அம்மாவை ‘அவள்’ என்று எழுதுவதுதான் அழகு என்று நண்பர்கள் சொல்கிறார்கள். எனக்குக் கை வரவில்லை. ஏன் வரவில்லை என்பதுதான் இந்தக் கதையே.)

அம்மா சொல்லும் கதையில் எல்லோரும் ‘ங்க’ போட்டுத்தான் பேசுவார்கள். மாமியார் மருமகளிடம், “சாவியக் குடுத்துட்டு ஊட்ட உட்டு வெளிய போயிருங்க அம்மணி” என்பாள். வில்லன் கதாநாயகனின் கழுத்தில் கத்தியை வைத்து, “கையெழுத்துப் போடுங்க, இல்லீன்னா கொன்னுபோடுவனுங்க” என்பான். நானும் அதை அப்படியே நம்பினேன். எங்கள் ஊரில் நாலு வயதுப் பிள்ளையைக்கூட “வாங்க தங்கம், சாப்பிடுங்க” என்று கூப்பிடுவார்கள். வில்லன் மட்டும் எந்த ஊரிலிருந்து வந்திருப்பான்?

கரண்ட் இருந்தும் தறிகள் ஓய்வது ஆயுத பூஜைக்கு மட்டும்தான். கழுவித் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, பொரியும் கடலையும் படைத்து நிறுத்திவிடுவோம். அப்படி ஒரு வருடம் தறி நின்றிருந்தபோது நான் டிவியைப் போட்டேன். எப்போதும் கேட்காத டிவிக்கு யார் சத்தத்தைக் குறைத்து வைத்திருக்கப் போகிறார்கள்? முழுச் சத்தத்தில் இருந்தது. வில்லன் “டேய்!” என்று போட்ட சத்தத்தில் பொரித் தட்டோடு வந்த அம்மா அப்படியே நின்றுவிட்டார். அடுத்து கதாநாயகி பேசினாள். அவளுக்குக் கரகரத்த தொண்டை.

“இவ கொரலா இது?” என்றார் அம்மா. “நான் நெனச்சு வெச்சிருந்த கொரலு இதவிட நல்லாருந்துச்சு. அந்த ஆளும் எத்தன மரியாத கெட்டதனமாப் பேசறான் பாரு.”

சத்தத்தைச் சுத்தமாகக் குறைத்துவிட்டுத்தான் அன்றைக்கு மீதியைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே என்னிடம் சொன்னார்: “ ‘ங்க’ போடறதுக்கு ஒரு மூச்சுதான் ஆகும் கண்ணு. அந்த ஒரு மூச்சக்கூட மிச்சம் புடிக்கறவன் என்ன மனுசன்?”

எனக்குச் சீரியலைவிடச் செய்தி வாசிப்பவர்களைப் பிடிக்கும். கழுத்து அசையாமல், முகம் நேராக, ஒரு மனிதர் அரை மணி நேரம் நம்மையே பார்த்துப் பேசுகிறாரே, அதில் மயங்கிப் போனேன். தறிக்கூடத்து வாசலில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, நூல் சுற்றின காலி அட்டை ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு செய்தி வாசிப்பேன். கேட்பதற்கு ஆளில்லை, பார்ப்பதற்கு இரண்டு பேர். “முக்கியச் செய்திகள். நாளைக்குப் பள்ளிக்கூடம் லீவுங்க.” அந்தக் கோடியிலிருந்து அம்மா விரலை ஆட்டி, லீவெல்லாம் இல்லை என்பார். எத்தனை வேகமாக வாசித்தாலும் அம்மாவை ஏமாற்ற முடிந்ததில்லை.

கோவையில் கல்லூரிக்குப் போய்வந்த காலத்தில் சூலூரில் ஒரு உள்ளூர் கேபிள் சேனலில் சேர்ந்தேன். டயர் கடை மாடியில் ஒரே அறை, பின்னால் நீலத் துணி. கும்பாபிஷேகம், காதுகுத்து வாழ்த்து, குடிதண்ணீர் வராத வார்டுகள், காணாமல் போன எருமை, எல்லாம் நான்தான். “நாளைக்குக் காலைல ஒம்பது மணியிலிருந்து கரண்ட் இருக்காதுங்க, முன்கூட்டியே தண்ணி புடிச்சு வெச்சுக்கோங்க” என்று வாசித்தால் கடைவீதியில் பார்க்கிறவர்கள், “நம்ம ஊட்டுப் புள்ள பேசறாப்பல இருக்குதுங்க” என்பார்கள். அந்தப் பெயரை நம்பித்தான் சென்னையில் ஒரு செய்திச் சேனலுக்கு விண்ணப்பம் போட்டேன்.

அங்கே செய்தி ஆசிரியர் என் பதிவைப் பார்த்துவிட்டு, “முகம் நல்லா இருக்கு, உச்சரிப்பு சுத்தம், ழகரம் பிரமாதம். ஆனா இந்த ‘ங்க’ வேண்டாம். இது செய்தி, மாமியார் வீடு இல்ல” என்றார். நல்ல மனிதர்தான். ஆனால் எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. வேலை வேண்டும் என்பதால் கோபத்தை விழுங்கிவிட்டு, “சரிங்க சார்” என்றேன். அவர் சிரித்த சிரிப்பு இன்னும் நினைவிருக்கிறது.

‘ங்க’வை விட்டுவிட்டேன் என்றுதான் நினைத்தேன். மூன்று மாதம் பிராம்ப்டரில் ஓடுகிற எழுத்தை அப்படியே வாசித்தேன். ஒரு நாள் நேரலையில் எழுத்து நின்றுபோனது. நகையைப் பறித்து ஓடிய ஒருவனைப் பொதுமக்கள் துரத்திப் பிடித்த செய்தி. படம் மட்டும் ஓடிக்கொண்டிருக்கிறது, வாசிக்க ஒன்றும் இல்லை, சொந்தமாகப் பேசியாக வேண்டும். பதற்றத்தில் வாய் தன் ஊருக்குப் போய்விட்டது. “தப்பி ஓடிய திருடர் இப்ப பிடிபட்டுட்டாருங்க” என்றேன்.

அன்று மதியத்துக்குள் அந்தத் துண்டு தமிழ்நாடு முழுக்க எல்லார் போனிலும் ஓடியது. திருடருக்கு மாலை போட்டதுபோல் படம் செய்தார்கள். பறிகொடுத்த அம்மாளுக்குக்கூட நான் அத்தனை மரியாதை தரவில்லையாம். ஆசிரியர் திட்டவில்லை. இரண்டு வாரம் திரைக்கு வராமல் எழுதும் வேலையைப் பாருங்கள் என்றார். அம்மா அப்பாவின் கையிலிருந்து போனை வாங்கி, ஏன் நான் டிவியில் வருவதில்லை என்று கேட்டார். லீவு என்று சொன்னேன். அந்தப் பொய்யை அவர் என் உதட்டைப் பார்க்காததால் நம்பினார்.

அந்த இரண்டு வாரமும் ‘ங்க’வை என் வாயிலிருந்து வேரோடு பிடுங்கினேன். விடுதியில், பேருந்தில், டீக்கடையில், எல்லா இடத்திலும் மொட்டையாகப் பேசிப் பழகினேன். ஒரு நாள் அப்பா போனில் ஏதோ சொல்ல, நான் “சரிப்பா, வச்சிடறேன்” என்றேன்.

“ஏனம்மணி, அப்பா மேல கோபமா?” என்றார்.

போனை வைத்துவிட்டு அழுதேன். ஆனால் அதற்குப் பிறகு வேலையில் ஒரு தவறும் வரவில்லை. காலை ஏழு மணிச் செய்தியை எனக்கே கொடுத்தார்கள்.

இதற்குள் அம்மாவின் காது போய்க்கொண்டிருந்தது. முப்பது வருடம் தறிச் சத்தத்தில் நின்ற காது. முதலில் போனில் என் பேச்சு கேட்காமல் போனது. பிறகு தறிக்கூடத்தை வாடகைக்கு விட்டுவிட்டு வீட்டை மாற்றி, அக்கம்பக்கம் அமைதியான தெருவுக்கு வந்தபோதுதான் மற்றதும் தெரிந்தது. குக்கர் விசில், வாசலில் கூப்பிடுகிறவர்கள், எதுவுமே எட்டவில்லை. அவருக்கும் எனக்கும் நடுவில் மிச்சம் இருந்தது அந்த ஏழு மணிச் செய்தி ஒன்றுதான். தினமும் டிவிக்கு நேராக நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிடுவாராம். முடிந்ததும் அப்பா போனிலிருந்து எனக்கு ஒரு செய்தி வரும். “கண்ணுல தூக்கம் இருக்குதாமா, நேரத்துக்குப் படுக்கச் சொல்றாங்க.” “அந்தப் பச்சைச் சேலை வேண்டாமாமா.” “சளி புடிச்சிருக்குதான்னு கேக்கறாங்க.” சளி பிடித்தது எனக்கே அன்று மதியம்தான் தெரிந்தது.

காது மெஷின் வைத்துக்கொள்ளச் சொல்லி ஒரு வருடமாக நச்சரித்தேன். அம்மா அசையவே இல்லை. “என்ன கேட்டு என்ன ஆகப்போகுது, எல்லாந்தான் பாத்தாத் தெரியுதே” என்பார். கடைசியில் நானே கோவையில் ஒரு கடையில் நாள் குறித்துவிட்டு, லீவு போட்டு ஊருக்கு வந்தேன்.

மறுநாள் கடைக்குப் போக வேண்டும். நான் வந்த அன்று மாலை பக்கத்து வீட்டு அக்கா வந்திருந்தார். அம்மா அவரிடம் என்னைக் காட்டிப் பெருமை பேசினார். காது கேட்காதவர்களுக்கே உரிய உரத்த குரலில்.

“மெட்ராசு போயி இத்தன வருசமாச்சு. கூட இருக்கறவங்க எல்லாம் மொட்டமொட்டயாத்தான் பேசுவாங்களாட்ட இருக்குது. என்ற புள்ள இன்னைக்கும் ‘வணக்கமுங்க’ன்னுதான் ஆரம்பிக்கறா. ‘சொன்னாருங்க’, ‘வந்தாருங்க’ன்னுதான் வாசிக்கறா. ஒரு நாள் உட்டதில்ல. நான் பாத்துட்டுத்தான இருக்கறன்.”

பக்கத்து வீட்டு அக்காவுக்குக் காது நன்றாகவே கேட்கும். அவரும் தினமும் செய்தி பார்க்கிறவர்தான். என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு அம்மாவின் பக்கம் திரும்பி, உதடு நன்றாகத் தெரியும்படி, “ஆமாங்கக்கா, அப்புடியேதானுங்க” என்றார்.

மாடிக்குப் போய், போனில் என்னுடைய செய்தி ஒன்றைச் சத்தமில்லாமல் ஓட்டிப் பார்த்தேன். என்னையே நான் ஊமைப் படமாகப் பார்ப்பது அதுதான் முதல் தடவை. ‘வணக்கம்’ என்று சொல்கிறேன். உதடு மூடுகிறது. அடுத்த வரிக்கு மூச்சு எடுக்க வாயை லேசாகத் திறக்கிறேன். ‘தெரிவித்தார்’ என்கிறேன். வாய் திறந்தபடி நிற்கிறது, மூச்சு எடுக்கிறேன். ‘ங்க’ என்பது தொண்டைக்குப் பக்கத்தில் பிறக்கிற சத்தம். உதட்டுக்கு அதில் வேலையே இல்லை. கண்ணாடி முன் நின்று சொல்லிப் பார்த்தேன், வாய் சும்மா திறந்து நின்றது. அப்படியானால் அம்மா இத்தனை வருடமும் ஒவ்வொரு வாக்கியத்தின் முடிவிலும் நான் எடுத்த மூச்சைத்தான் ‘ங்க’ என்று படித்திருக்கிறார். சீரியல் வில்லனுக்கே ‘ங்க’ கொடுத்தவர், பெற்ற மகளுக்குக் கொடுக்க மாட்டாரா?

விடிந்தால் மெஷின். அதற்கு நாள் குறித்ததும் நான். அதற்கடுத்த காலையில் நான் வாசிக்கும்போது அம்மாவுக்குக் கேட்கும். என் மொட்டைத் தமிழ் கேட்கும். கடைக்குப் போகவேண்டாம் என்று சொல்லிவிடலாமா என்றுகூடத் தோன்றியது. அம்மாவின் காதைவிட என் பவிசு பெரிதா என்று என் மேலேயே எரிச்சல் வந்தது.

கடையில் ஒரு சின்ன அறைக்குள் உட்கார வைத்து சோதனை செய்தார்கள். பிறகு அந்தப் பொட்டுப்போன்ற கருவியைக் காதில் வைத்தார்கள். அம்மா முதலில் கேட்டது தன் வளையலை. கையைத் தூக்கித் தூக்கி ஆட்டிப் பார்த்தார். “இத்தன சத்தமா போடுது இது?” என்றார். தெருவுக்கு வந்ததும் ஆட்டோ ஹாரனுக்குத் துள்ளினார். சோமனூர் பஸ்ஸில் டிக்கெட் கொடுத்த கண்டக்டரின் விசிலுக்குச் சிரித்தார். அப்பா பக்கத்தில் உட்கார்ந்து ஓயாமல் பேசிக்கொண்டே வந்தார். “போதுமுங்க, முப்பது வருசத்துதையும் இன்னைக்கேவா பேசுவீங்க?” என்று அம்மா கேட்டதும்தான் நிறுத்தினார்.

நான் வாயே திறக்கவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். இறங்கும் இடம் வந்தபோது அம்மா என் முகத்தைத் தன் பக்கம் திருப்பினார்.

“நாளைக்குக் காலைல உன்றத டிவில கேக்கோணும். அதுக்குத்தான் இத வெக்க ஒத்துக்கிட்டன். செய்தி வாசிக்கறப்ப உன்ற கொரலு எப்புடின்னு நானா ஒண்ணு நெனச்சு வெச்சிருக்கறன், அது சரியான்னு பாக்கோணும்.”

அன்று பிற்பகலே ரயில் ஏறினேன். வழியெல்லாம் யோசனை. ‘வணக்கமுங்க’ என்று ஒரு தடவை சொல்லிவிட்டால் என்ன? திருடர் கதையை மறந்தவர்கள்கூட எழுந்து வருவார்கள். ஆசிரியர் இந்தத் தடவை இரண்டு வாரத்தோடு விடமாட்டார். சொல்லாவிட்டால்? நாற்காலியை நேராகப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிற ஒரு மனுஷி, அந்த ஆயுத பூஜையில் வில்லனின் குரலைக் கேட்டு நின்றதுபோல் நிற்பார். அன்று சத்தத்தைக் குறைத்துவிட்டார். என்னை எங்கே குறைப்பார்?

மறுநாள் காலை ஏழு மணிக்கு என் காதிலும் ஒன்றை மாட்டினார்கள். தயாரிப்பாளர் உள்ளிருந்து பேசுவதற்கான சின்னக் கருவி. அங்கே அம்மா காதிலும் ஒன்று, இங்கே என் காதிலும் ஒன்று என்று நினைத்துக்கொண்டேன். விளக்குகள் எரிந்தன. பிராம்ப்டரில் ‘வணக்கம்’ என்று வெள்ளை எழுத்து நின்றது.

“வணக்கம்” என்றேன்.

அதற்குமேல் என்னால் முடியவில்லை. எனக்கு அந்தத் தைரியம் இல்லை என்பதை இப்போதும் ஒப்புக்கொள்கிறேன். வாயைத் திறந்து மூச்சை மட்டும் எடுத்தேன். கொஞ்சம் நீளமாகவே எடுத்தேன். “என்ன ஆச்சு, படிங்க” என்று காதில் தயாரிப்பாளரின் குரல் வந்தது. படித்தேன். ஒவ்வொரு ‘தெரிவித்தார்’ முடிந்ததும் அதே மூச்சை வைத்தேன். அரை மணி நேரச் செய்தியில் அத்தனை மூச்சு வாங்கியவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

முடிந்து மேக்கப் அறைக்கு வந்தால் போன் அடித்துக்கொண்டிருந்தது. வீடியோ அழைப்பு. அப்பா போனைப் பிடித்திருக்க, திரை நிறைய அம்மாவின் முகம். தலை வாரி, பூ வைத்து, நல்ல சேலை கட்டியிருந்தார். என் செய்திக்காகவே கட்டியிருக்கிறார்.

“கேட்டுச்சு கண்ணு” என்றார். “நல்லாக் கேட்டுச்சு. நான் நெனச்சு வெச்சிருந்த கொரலேதான்.”

நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

“ஆனா மிசின்ல ஒரு கோளாறு இருக்குதாட்ட இருக்குது அம்மணி. நீ சொல்றதுல கடைசி எழுத்து மட்டும் உளுந்து போயிருது. ‘வணக்கம்’னு மொட்டையாக் கேக்குது. ‘சொன்னார்’னு கேக்குது. உன்ற வாயப் பாத்தா ‘ங்க’ இருக்குது, காதுல வாரதில்ல. கடைக்காரங்ககிட்டச் சொல்லி அதச் சரி பண்ணோணும்.”

அவருக்குப் பின்னால் அப்பாவின் பாதி முகம் தெரிந்தது. அப்பா கவனமாக வேறு எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா மட்டும் என் உதட்டையே பார்த்தபடி, பதிலுக்குக் காத்திருந்தார். அந்த முகத்தில் எதையாவது படித்துவிட முடியுமா என்று நானும் பார்த்தேன். அந்தத் தேர்ச்சி எனக்கு என்றைக்கும் வந்ததில்லை.

மேக்கப் போடுகிற பெண், ஒளிப்பதிவாளர், ஆசிரியர், எல்லோரும் அறையில்தான் இருந்தார்கள். இருக்கட்டும் என்று தொண்டையைச் சரிசெய்துகொண்டேன்.

“சரிங்கம்மா” என்றேன். “அடுத்த வாரம் வாரனுங்க. கடைக்கு ரெண்டு பேரும் போலாமுங்க. சொல்லிச் சரி பண்ணிப்போடலாமுங்க.”

அம்மா காதில் இருந்ததை ஒரு விரலால் மெல்ல அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

“இப்பக் கேக்குது” என்றார்.